இதுக்கு முதல் என்ன?

அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. டுசல்டோர்ஃபில் அவளோடு பழகிய நான்கு வருடமும் இருந்தது. அவள் ஹாம்பர்க்குக்குக் குடிபோன பிறகும் இருக்கிறது. நேரில் அக்கா என்றும் நீங்க என்றும்தான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் கை தானாக அவள் என்று எழுதுகிறது. எழுதட்டும். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். போடட்டுமா என்று அவளிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

புதிதாக ஒரு பாட்டைக் கேட்டால் நாமெல்லாம் நன்றாக இருக்கிறது என்போம், இல்லையென்றால் முகத்தைச் சுளிப்போம். அவள் இரண்டும் செய்யமாட்டாள். பாட்டு முடியும்வரை தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருப்பாள். முடிந்ததும் ஒரே கேள்வி.

"இதுக்கு முதல் என்ன?"

முதல் தடவை எனக்கு அது புரியவே இல்லை. நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் பக்கம் முதல் என்றால் கடை வைக்கிறவன் போடுகிற பணம். இந்தப் பாட்டை எடுக்க எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "தெரியலையேக்கா" என்றேன். அவள் தன்னுடைய யாழ்ப்பாணத் தமிழில் கேட்டது வேறு. இதற்கு முன்னால் என்ன இருந்தது? இதைச் செய்தவன் எதைக் கேட்டு வளர்ந்தான்? அவன் கேட்டதைச் செய்தவன் எதைக் கேட்டான்?

பாட்டோடு நிறுத்தவும் மாட்டாள். ஒரு முறை எங்கள் ஊர்ச் சொதியை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற அருமையான சாப்பாடு என்று பெருமையடித்துக்கொண்டே கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இதுக்கு முதல் என்ன என்று கேட்டாள். "முதலாவது முடிவாவது, இது எங்க ஊரு ஐட்டம்" என்றேன். சிரித்தாள். "எங்கடை வீட்டிலையும் சொதிதான். பேரும் அதுதான்" என்றாள். டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

அவளுக்கு வேலை பில்க் பகுதியில், காது கேட்கும் கருவி விற்கிற ஒரு கடையில். பள்ளிக்கூடம் முடித்து அதற்கென்றே மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, படித்தவள். வருகிறவர்களை ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்துக் காதைச் சோதிப்பாள். அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். நான் என்ஜின் பாகங்களை ஓட்டிப் பார்க்கிற ஒரு சோதனைக்கூடத்தில் இருக்கிறேன்; இரைச்சல் அதிகம், அதனால் அவ்வப்போது காதைக் காட்டிச் சீட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கூண்டுக்குள் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அமுக்கினேன். நான்கைந்து தடவை ஆனதும் கதவைத் திறந்தாள்.

"நீங்கள் தமிழோ?"

படிவத்தில் என் பெயரைப் பார்த்திருக்கிறாள். ஆமா என்றேன்.

"நீங்கள் சத்தத்தைக் கேட்டு அமத்தேல்லை. எண்ணி எண்ணி அமத்திறியள்."

"இல்லையே, நான் எண்ணலையே" என்றேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து சர்ச்சில் கீபோர்டு வாசித்தவள் நான். எந்தச் சத்தமும் இரண்டு முறை ஒரே இடைவெளியில் வந்தால் மூன்றாவதை என் விரல் எண்ணிவிடும். அதைத்தான் என் திறமை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"பொறுங்கோ" என்று கதவைச் சாத்தினாள். அடுத்த சத்தம் வரவேண்டிய இடத்தில் அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. பிறகு வெகுநேரம் வரவில்லை. சலித்துப்போய்க் கையைத் தளர்த்தியபோது இரண்டு ஒன்றையொன்று ஒட்டினாற்போல வந்தன. ஒன்றைத் தவறவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"காதிலை ஒரு பிழையும் இல்லை" என்றாள் வெளியே வந்ததும். "ஆனா அடுத்தது எப்ப வருமெண்டு தெரிஞ்சால் நீங்கள் கேக்கிறதை விட்டிடுறியள்."

என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அதற்காகவே அவளை எனக்கு அன்று பிடிக்கவில்லை. ஆனால் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ஞாயிறு பின்னேரம் நேரமிருந்தால் வாங்கோ, கொஞ்சம் பாட்டுக் கேப்பம்" என்றாள். போனேன்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. வரவேற்பறையில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளும் இரண்டு பிளேயரும் இருந்தன; சோபா அவற்றைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அவள் சேர்த்துவைத்திருந்தது ப்ரோக்கன் பீட் என்கிற வகை. உடைஞ்ச அடி என்பாள். சாதாரண நடனப் பாட்டில் பெரிய டிரம் நாலு அடியிலும் சீராக விழும், அணிவகுப்பில் கால் வைக்கிற மாதிரி. இதில் முதல் அடியை ஒழுங்காகப் போடுவார்கள். இரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. சற்றுத் தள்ளி, யாரும் எதிர்பாராத சந்தில் வந்து விழும். கால் தடுமாறும், உடம்பு ஆட்டத்தை நிறுத்தாது.

அது தொண்ணூறுகளின் கடைசியில் லண்டனின் மேற்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி ஆட்கள் சின்ன ஸ்டூடியோக்களில் உண்டாக்கியது என்று எங்கே தேடினாலும் போட்டிருக்கும். அவளுக்கு அந்தப் பதில் போதாது. லண்டன் தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்கவைத்துவிட்டு எழுந்து பெட்டிக்குப் போவாள். இதற்கு முன்னால் ஜங்கிள் என்கிற வகை. பழைய பாட்டொன்றில் டிரம்காரர் தனியாக வாசித்த சில நொடிகளை மெஷினுக்குள் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, வேகத்தைக் கூட்டி, இடம் மாற்றி அடுக்கியது. அதை ஒரு நிமிடம் போடுவாள். டெட்ராய்ட் நகரத்தின் மெஷின் இசை ஒரு நிமிடம். எழுபதுகளில் அமெரிக்க ஜாஸ்காரர்கள் ஆட்டத்துக்கென்று மின்சாரப் பியானோவில் வாசித்தது. பிரேசிலின் தெருமேளம். நான்கு கைகாலும் நான்கு கதை சொல்கிற லாகோஸ் டிரம்காரர் ஒருவர். லண்டனுக்குப் பிழைக்க வந்த ஜமைக்காக்காரர்கள் வீட்டில் கட்டிய ஸ்பீக்கர்களில் அதிர்ந்த பேஸ் என்கிற அடிக்குரல் ஒலி. எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி அந்த லண்டன் தட்டுக்கு வருவாள்.

"இப்ப கேளுங்கோ."

அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு பாட்டாக இருந்ததற்குள் இப்போது ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எனக்குக்கூடக் கேட்கும்.

"இதைச் செய்ததிலை கனபேர் வந்த ஆக்களின்ரை பிள்ளையள்" என்பாள். "தகப்பன்ரை தட்டும் வீட்டிலை இருந்தது, புது மெஷினும் கையிலை இருந்தது. ரெண்டையும் விட மனமில்லை."

அவளும் அப்படி வந்தவர்களின் பிள்ளைதான். நான்கு வயதில் வந்தவள். அதற்கு முன்னால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "எனக்கு முதல் அம்மா" என்று சிரித்துவிட்டுத் தட்டைத் திருப்பிப் போட்டாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

நான் வாரம் முழுக்கப் படித்தேன். எந்த வருடம், எந்த மெஷின், எந்தத் தெருவில் எந்த ஸ்டூடியோ என்று எல்லாம் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை போய் ஒப்பிப்பேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு ஊசியை எடுத்து ஒரு இடத்தில் வைத்து, "இந்தப் பிந்தின அடி எங்கையோ கேட்டமே, போன கிழமை?" என்பாள். நான் விழிப்பேன். அவள் போய் எடுத்துவருவாள். சரியாக இருக்கும். ஒரு தடவையாவது தப்பாக எடுக்கமாட்டாளா என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு.

ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் கூடாது என்று கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். எனக்குப் பதறும். அவள் ஒலியைக் குறைத்துவிட்டு, "கவனிச்சியளோ? கோவத்திலையும் அவ பாட்டுக்கு ஏத்த மாதிரித்தான் தட்டுறா" என்பாள்.

நானும் ஒரு பாட்டுச் செய்தேன். ஆறு மாதம், லேப்டாப்பில், யாருக்கும் தெரியாமல். என் கணவர் செல்வினுக்கும் கடைசியில்தான் போட்டுக் காட்டினேன். அடிகளை நானே அங்கங்கே தள்ளிவைத்து உடைத்திருந்தேன். எவ்வளவு தள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவளிடம் கொண்டுபோனேன். முடியும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வடிவா இருக்கு" என்றாள்.

அழகாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் நீங்கள் சொன்ன இடத்திலை வந்து நிக்குது" என்று அடுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, தொடட்டோ என்று கேட்டு, என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மென்பொருளை அவள் அதற்கு முன் தொட்டதில்லை. சின்ன டிரம்மை மட்டும், கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பின்னால் இழுத்தாள். கேட்டாள். இன்னும் ஒரு மயிரிழை. கேட்டாள். விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செல்வினுக்குப் போட்டேன். எதை மாற்றியது என்று சொல்லவில்லை. "ஏ, இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு! என்ன பண்ணின?" என்றார். லேப்டாப்பை மூடிவிட்டேன். அந்தப் பாட்டை நான் மறுபடி திறக்கவே இல்லை.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி நடந்தது. எழுபதுகளின் தட்டு ஒன்று ஓடியது. பின்னால் ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டே இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டாள்.

"எங்க சர்ச்சுல பெண்கள் சங்கத்துக்காரங்க கடைசி வரிசையில உக்காந்துட்டு இப்படித்தான் லேட்டாத் தட்டுவாங்க. நான் கீபோர்டுல ரிதம் போட்டிருப்பேன். அவங்க பாட்டுக்கு ஒரு நொடி கழிச்சுத் தட்டுவாங்க. எனக்கு அப்படிக் கோவம் வரும்! கீர்த்தனையையே இழுத்து நிறுத்துறாங்கன்னு சர்ச் ஐயர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கேன்."

"நிறுத்தினதோ?"

"எது?"

"அவை தட்டினதிலை பாட்டு நிண்டதோ?"

யோசித்தேன். நிற்கவில்லை. சொல்லப்போனால் அவர்கள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பாட்டு சவசவ என்று இருந்தது. அதைச் சொன்னேன். அவை தட்டுற மாதிரித் தட்டிக் காட்டுங்கோ என்றாள். தட்டினேன். இன்னொருக்கா என்றாள். தட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து தடவையாவது தட்டியிருப்பேன். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். நானும் அதை மறந்துவிட்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

உவே என்று ஒரு ஜெர்மன்காரர் அவள் கடைக்கு வாடிக்கை. இளமையில் இருபது வருடம் நடன அரங்குகளில் பாட்டுப் போட்டே காதைக் கெடுத்துக்கொண்டவர். பக்கத்துக் கலாசார மன்றத்தில் நிகழ்ச்சிகளை நடத்துவது அவர்தான். உடைந்த அடி எங்கேயிருந்து வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கேட்கவைக்க முடியுமா என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு ஆக்களுக்கு முன்னாலை கதைக்க ஏலாது" என்றாள் என்னிடம். "நீங்கள் கதையுங்கோ, நான் போடுறன்."

நான் பேசத் தயார் செய்ய, ஒவ்வொரு தட்டின் உறைக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கிறது, அதைப் பார்க்கச் சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த உருண்டை எழுத்து, நடுநடுவே ஜெர்மன். இந்தத் தட்டில் என்ன கேட்கிறது, அது எதிலிருந்து வந்தது, கடைசி வரியில் அதை அவளுக்கு யார் சொன்னது. லண்டனில் ஒரு தட்டுக் கடைக்காரர் சொன்னது. தம்பி சொன்னது. உவே சொன்னது. நான் அந்தச் சீட்டுகளிலிருந்து ஸ்லைடு தயாரித்தேன். கடைசி வரிகளை எல்லாம் விட்டுவிட்டேன். ஸ்லைடில் இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. நான் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் பேசினேன். முடிந்ததும் வந்திருந்த நாற்பது பேரும் எழுந்து அவள் மேசைக்குப் போனார்கள். நான் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, உங்கள் தோழிக்கு என்ன ஒரு காது என்று சொல்லிவிட்டுப் போனார். டிராமில் செல்வினும் ஆரம்பித்தார்.

"நீ நல்லாத்தான் பேசின. ஆனா அந்தப் பிரேசில் பாட்டுல இருந்து லண்டன் பாட்டுக்கு அவங்க போனாங்க பாரு, எனக்குப் புல்லரிச்சிருச்சு."

"சரி, நீங்க அவங்க வீட்டுலயே போய் இருங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

கார்ல்ஸ்ரூஹேயில் உவேயின் நண்பர்கள் இதே மாதிரி ஒரு மன்றம் நடத்துகிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொண்டதால் எனக்கு மட்டும் வந்தது. ஒரு சனிக்கிழமை நீங்கள் இருவரும் இங்கே வர முடியுமா? மதிய உணவு இடைவேளையில், கேன்டீனில் உட்கார்ந்து பதில் எழுதினேன். என் தோழிக்கு அந்தச் சனிக்கிழமை வேலை இருக்கிறது, வர இயலாது, நான் தனியாக வருகிறேன். அனுப்பிவிட்டு மீதிச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

தட்டுகள் இல்லாமல் போக முடியாது. ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் முதல் பெட்டி கிடைக்குமா என்று கேட்டேன். தாராளமாகக் கொண்டுபோகச் சொன்னாள். அன்று காலை, பாரமாக இருக்கும் என்று தானே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தாள்.

"எங்கை கொண்டு போறியள்?" என்று பிளாட்ஃபாரத்தில் கேட்டாள்.

"கார்ல்ஸ்ரூஹேல செல்வினோட ஃப்ரெண்ட் வீட்டுல ஒரு சின்ன கெட் டுகெதர். சும்மா கொஞ்சம் மியூசிக் போடலாம்னு."

"ஓம்."

ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள். போய்விடுவாள் என்று பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். எங்கள் மேனேஜரைப் பற்றிப் பேசினேன். ரயில் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு, படியருகே நின்றாள்.

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லக்கா."

"சரி. தட்டுகளிலை வெயில் படாமல் பாருங்கோ."

கார்ல்ஸ்ரூஹேயில் ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நான் தேடியதில் கண்டது, என் காதுக்குப் பட்டது என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லிச் சொல்லிப் போட்டேன். இந்தத் தடவை எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இல்லை என்று சொல்லமாட்டேன். நேரம் கொஞ்சம் மிஞ்சியது. இன்னும் ஒன்று போடுங்கள் என்றார்கள். நான் தயார் செய்தவை தீர்ந்துவிட்டன. பெட்டியின் கடைசியில் கைவிட்டு ஒன்றை உருவினேன். அந்தக் கைதட்டுத் தட்டு. சீட்டு உறையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது.

*கைதட்டு பிந்தி விழுது. ஆனா பாட்டைப் பின்னாலை இழுக்கேல்லை, முன்னாலை தள்ளுது. சேர்ச்சிலை பொம்பிளையள் தட்டுறதும் இப்பிடித்தான். எனக்கு இது கேக்கேல்லை. அவ சொன்னாப் பிறகுதான் கேட்டது.*

கடைசி வரியில் என் பெயர்.

அன்று மதியம் முழுக்க நான் பேசியதில் என்னுடையது என்று ஒன்றுகூட இல்லை. இது ஒன்று என்னுடையது. அவளுக்கே கேட்காத ஒன்று எனக்குக் கேட்டிருக்கிறது. அதை அவள் எழுதியும் வைத்திருக்கிறாள். ஐம்பது பேர் காத்திருந்தார்கள். கடைசிப் பாட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை வைத்தேன்.

மறுநாள் பெட்டியைக் கொண்டுபோனேன். அவள் சமையலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"அக்கா, நான் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போகல. அது உவேயோட ஃப்ரெண்ட்ஸ் நடத்துற மன்றத்து நிகழ்ச்சி. நம்ம ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாங்க. உங்களுக்கு வேலை இருக்கு, வரமாட்டீங்கன்னு நான்தான் எழுதினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உவே கடைக்கு பற்றரி வாங்க வந்தவர். சனிக்கிழமை ஏன் போக மாட்டியள் எண்டு கேட்டார். புதன்கிழமை."

புதனுக்குப் பிறகுதான் சனி. தெரிந்துகொண்டே அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன். ரெயினும் பிந்தினது. இருவது நிமிசம் இருந்தனான்."

துணியைப் பிழிந்து காயப்போட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?"

"பொறாமைக்கா."

"எதிலை?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க காது மேல" என்றேன்.

"காதிலை என்ன இருக்கு? நான் கேட்டது எல்லாத்தையும் உங்களுக்குத் தந்தனான்தானே. ஒண்டையும் ஒளிச்சு வைக்கேல்லையே." ஜன்னலைச் சாத்தினாள். "எனக்குக் கோவம் இருக்கு. இண்டைக்குக் கதைக்க ஏலாது. நீங்கள் போங்கோ."

வீட்டுக்கு வந்து உவேக்கும் கார்ல்ஸ்ரூஹேக்காரர்களுக்கும் நடந்ததை எழுதினேன். என் தோழி வர மறுக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன், நான் பேசியது அத்தனையும் அவள் சேர்த்தது. உவே ஒரு வரி பதில் போட்டார்: எழுதியது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அழைப்பு வரவில்லை. நானும் போகவில்லை. பில்க் பக்கம் வேலை இருந்தால்கூட வேறு டிராமில் சுற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு செய்தி வந்தது. *கார்ல்ஸ்ரூஹேக்குப் போறன். நான்தான் கதைக்கிறன். பெட்டி பாரம். வாறியளோ?*

போனேன். ரயிலில் என் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டே வந்தாள். இல்லை, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பெட்டியை மேடையில் வைத்துவிட்டு நான் கடைசி வரிசைக்குப் போனேன். அவள் ஒரு கையால் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் பேச ஆரம்பித்தாள். ஸ்லைடு இல்லை. ஒவ்வொரு உறையிலிருந்தும் சீட்டை எடுத்துப் படித்தாள், கடைசி வரி உட்பட. இதை எனக்குச் சொன்னவர் இன்னார். இதை என் தம்பி கேட்டுச் சொன்னான். இந்த அடியை லாகோஸில் ஒருவர் வாசித்தார், அவர் பெயர் உறையில் கடைசியாகச் சின்ன எழுத்தில் இருக்கிறது, சத்தமாகச் சொல்கிறேன் என்று சொன்னாள். பெயர்களை அவள் சொல்லச் சொல்லக் கூட்டத்தில் சிலர் எழுதிக்கொண்டார்கள்.

கைதட்டுத் தட்டு வந்தது. நான் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். அவள் சீட்டை எடுத்தாள். மனதுக்குள் படித்தாள். மற்றவற்றுக்கு எடுத்துக்கொண்டதைவிடச் சற்று அதிக நேரம் படித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. சீட்டை உறைக்குள் திருப்பிவைத்தாள்.

"இதில் கைதட்டை மட்டும் கேளுங்கள்" என்றாள் ஜெர்மனில். "பிந்தி வரும்."

ஊசியை வைத்தாள். என் பெயர் வரவில்லை.

சரியான காரியம் என்று எனக்கு உடனே தெரிந்தது. அவளுடைய பெயரை விட்டுவிட்டு ஒரு மதியம் முழுக்கப் பேசியவள் நான். பாட்டோடு சேர்ந்து முன்வரிசையில் இருவர் தட்ட ஆரம்பித்தார்கள், பிறகு மற்றவர்களும். எல்லோரும் முந்திக்கொண்டு தட்டினார்கள். நான் மட்டும் சரியாகப் பிந்தித் தட்டினேன். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

அன்று அவள் பதினொரு பெயர் சொன்னாள். நான் எண்ணினேன். அந்தப் பதினொரு பேர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. முகமே தெரியாத, எப்போதோ செத்துப்போயிருக்கக்கூடிய அந்த லாகோஸ் டிரம்காரர் மேலும்.